தாய் ஒதுக்கிய பூனைக்குட்டி: முதலில் சூடு, அப்புறம்தான் பால்

பூனைக்குட்டி கத்தும் சத்தம் கேட்டால் நம் ஆட்களின் கை முதலில் போவது பால்மா பக்கம்தான். கரைத்து, கரண்டியால் வாயில் ஊற்றி, கொஞ்ச நேரத்தில் குட்டி அடங்கிப் போனதும் "பால் குடுத்தும் தங்கலையே" என்று வருத்தப்படுவோம். உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் அந்தப் பாலே அதைக் கொன்றுவிடும். வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இந்த விஷயத்தில் கொஞ்சம் அசந்தாலும் குட்டி தாக்குப்பிடித்துவிடலாம். நம் மலைநாட்டில் அது நடக்காது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான், தை மாசியில் புல்லில் உறைபனி விழும். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் தகரக் கூரைக்குக் கீழே விடியற்காலை என்ன குளிர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த முதல் வாரத்தில் ஒரு குட்டியின் படுக்கை 30 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும். அந்த வயதில் அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவைகளின் உடம்பும்தான் அதற்குக் கம்பளி. தாய் இல்லையென்றால் அந்தக் கம்பளியை நீங்கள்தான் தர வேண்டும், ராத்திரியும் சேர்த்து.

தாய் உண்மையில் விட்டுவிட்டதா?

விறகு அடுக்குக்குப் பின்னாலோ, பழைய சாக்கு மேலோ, தேயிலைச் செடி அடியிலோ குட்டியைக் கண்டதும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி இடம் மாற்றும் நேரத்தில் ஒன்று மட்டும் கடைசியாக மிஞ்சியிருக்கலாம். குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருண்டு, சத்தமில்லாமல், வயிறு உருண்டையாகத் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். தள்ளி நின்று பாருங்கள். நாள் முழுக்கக் காத்திருக்க முடியாதென்றால் குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது மாவில் கால் தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது.

மழை பெய்துகொண்டிருந்தால், நாய் சுற்றினால், குட்டி விடாமல் கத்திக்கொண்டே இருந்தால், தொட்டால் சில்லென்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே எடுங்கள்.

"மனுச வாடை பட்டுருச்சுல்ல, இனித் தாய் சேக்காது" என்று பக்கத்துக் காம்பரா அம்மாயி கட்டாயம் சொல்வார். அவரோடு சண்டை போட வேண்டாம், ஆனால் அது சரியில்லை. வீட்டுப் பூனையானால் நம் வாடைக்கு ஏற்கெனவே பழகியதுதான். தாய் ஒரு குட்டியை ஒதுக்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கும்: குட்டி குளிர்ந்துபோயிருக்கும், பிறவியிலேயே பலவீனமாக இருக்கும், தாய்க்கு முதல் ஈற்றாக இருக்கும், மடி வீங்கி வலிக்கும், இல்லையென்றால் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்த்து அதை நிம்மதியாக இருக்க விட்டிருக்க மாட்டார்கள். இதில் குளிர்தான் அடிக்கடி நடப்பது. உருண்டு தள்ளிப்போய் சில்லிட்ட குட்டியைத் தாய் செத்ததாகவே எடுத்துக்கொள்ளும். அதே குட்டியைச் சூடேற்றித் திரும்ப வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் நக்கிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

அதனால் முதலில் தாயிடமே ஒரு முயற்சி செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு மூலையில் ஒரு பெட்டி, தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும், சூடான குட்டி. தாயின் மடியை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒரு காம்பு கல்லுப்போல் இறுகி, சிவந்து, சுட்டால் அது மடிவீக்கம், அதற்கு மருந்து வேண்டும், அந்த வலியோடு அது பால் கொடுக்காது. தாய் கடிக்காமல் சும்மா கண்டுகொள்ளாமல் மட்டும் இருந்தால் குட்டியை அதனிடமே விட்டு, பாலை மட்டும் நீங்கள் மேலதிகமாகக் கொடுத்தால் போதும். வேலை பாதியாகக் குறையும். சீறினாலோ தூக்கி எறிந்தாலோ பிரித்துவிடுங்கள். கையில் கடி, கீறல் பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள், விசர்நோய் பூனையிடமிருந்தும் வரும்.

இன்னொரு வழி, என் கணக்கில் எல்லாவற்றிலும் நல்ல வழி: மேல் லயத்திலோ கீழ் லயத்திலோ வேறு பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். அநேகமாக இருக்கும். கிட்டத்தட்ட அதே வயதுக் குட்டிகளுடன் உள்ள தாய் இன்னொன்றையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதன் குட்டிகளோடு உரசி, அதன் படுக்கைத் துணியால் துடைத்து, அது இல்லாத நேரம் பார்த்து நடுவில் வைத்துவிடுங்கள். ஆனால் உங்கள் குட்டிக்கு மூக்கு ஒழுகல், கழிச்சல் என்று ஏதும் இருந்தால் அடுத்த வீட்டுக் குட்டிகளோடு சேர்க்க வேண்டாம்.

சூடு

சில்லிட்ட குட்டி எப்படி இருக்கும் என்றால், உள்ளங்கையில் வைத்தால் ஈரத் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். கத்தினாலும் சத்தம் மெல்லிசாக இழுத்து இழுத்து வரும், சில குட்டிகள் கத்துவதும் இல்லை. சுத்தமாகக் கழுவிய சின்ன விரல் நுனியை வாய்க்குள் வையுங்கள். உள்ளே விரலுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தால், நாக்கு விரலைப் பிடித்து உறிஞ்சாமல் சும்மா இருந்தால், பாலைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். பாமசியில் வாங்கும் டிஜிட்டல் தேர்மோமீற்றர் இருந்தால் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் கொஞ்சமாக வைத்துப் பார்க்கலாம். முதல் வாரக் குட்டிக்கு 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருப்பது சாதாரணம். 35க்கு, அதாவது 95 பாகை பரனைற்றுக்குக் கீழே போனால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் கிடந்து வயிறு ஊதும், இல்லையென்றால் விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போகும்.

குட்டி நனைந்திருந்தால் முதலில் துவாயால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு உங்கள் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி, தோல் மேல் தோல் படும்படி வைத்து மேலே சுவெட்டரோ கம்பளியோ போட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பத்திரமான ஹீட்டர் கிடையாது, அளவுக்கு மிஞ்சிச் சுடவே சுடாது. அடுப்புக்கு முன்னால் நீட்டுவது, சுடுதண்ணீரில் முக்குவது, ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். அவசரப்பட்டுச் சூடாக்கினால் இரத்த ஓட்டம் தடுமாறி அதிலேயே போய்விடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகட்டும். இதற்கிடையில் ரொம்பத் துவண்டிருந்தால் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரில், அது இல்லாவிட்டால் சீனித் தண்ணீரில், விரலை நனைத்து ஈறில் மட்டும் தடவுங்கள். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். சூடு ஏறியதும் உங்களுக்கே தெரியும்: தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு சட்டைக்குள் எதையோ தேடி ஊரத் தொடங்கும், விரலை வைத்தால் இழுத்து உறிஞ்சும்.

அப்புறம் பெட்டி. காட்போட் பெட்டி போதும், உயரமான பக்கங்களோடு. அடியில் கடதாசி, மேலே பழைய சாரமோ கம்பளித் துண்டோ விரியுங்கள். பூத்துவாலையில் நூல் வளையங்கள் இருக்கும், குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும், அதனால் மழமழப்பான துணி நல்லது. சூட்டுக்குப் போத்தல். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும், கண்ணாடிப் போத்தல்தான் சரி. சாராயப் போத்தலுக்குத் தோட்டத்தில் பஞ்சமா என்ன, அதை ஒருதடவையாவது நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம். கைக்குத் தாங்கும் சுடுதண்ணீரை ஊற்றி, இறுக்கி மூடி, பழைய மேஸ்சுக்குள்ளோ (காலுறைக்குள்ளோ) துவாய்க்குள்ளோ சுற்றி, அதை உங்கள் முழங்கை உட்பக்கத்தில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். சுகமாக இருந்தால் குட்டிக்கும் சுகம். சுட்டால் இன்னொரு சுற்றுத் துணி.

போத்தலைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். குட்டிக்குச் சூடு அதிகமானால் ஊர்ந்து தள்ளிப் போக மற்றப் பாதி சூடில்லாமல் இருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஆறிப்போன போத்தல் சும்மா கிடக்காது, குட்டியின் உடம்புச் சூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இரவில் ஒவ்வொரு முறை பால் கொடுக்க எழும்பும்போதும் ஒரு போத்தல். படுக்கப் போகும் முன் பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டால் நடுச்சாமத்தில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. தாச்சியில் வறட்டு அரிசியைச் சூடாக்கி மேஸ்சில் கட்டி வைப்பதும் நல்ல வேலை செய்யும், போத்தலைப்போல் ஒழுகவும் ஒழுகாது.

பல்ப் தொங்கவிடலாமா என்று கேட்பீர்கள். இப்போதைய எல்இடி பல்ப் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பழைய குண்டு பல்ப் கடதாசிப் பெட்டிக்கு மேலே தொங்கினால் தீப்பிடிக்கும், காற்று மழைக்குக் கரண்ட் போனால் அதுவும் இல்லை. போத்தலை நம்புங்கள். அடுப்படியில் பெட்டியை வைப்பதில் தப்பில்லை, விறகுப் புகை படாத பக்கமாக வையுங்கள், பச்சை விறகுப் புகை அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. இரண்டாம் வாரம் 27 முதல் 29 பாகை, மூன்றாம் வாரத்திலிருந்து 24 முதல் 27 பாகை என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். நம் பக்கத்து வீடுகளில் அந்த 24 பாகையே பகலில்கூடச் சும்மா வராது, ஆக ஒரு மாதத்துக்குப் போத்தல் வேலை நிச்சயம்.

இன்னொன்று, எறும்பு. பால் வாடைக்கு எறும்பு வரிசை கட்டி வந்து கண் திறக்காத குட்டியைக் குதறிவிடும். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூல் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய டின்களுக்குள் நிறுத்துங்கள்.

வயசு பார்ப்பது

தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து ஐந்து நாளுக்குள். கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள், அதற்கு முன் விரலால் பிரிக்காதீர்கள். முன்பல் முளைத்துத் தள்ளாடி நடக்கத் தொடங்கினால் மூன்று வாரம். பிறந்த குட்டி 100 கிராம் அளவு இருக்கும், ஒவ்வொரு வாரத்துக்கும் ஏறத்தாழ இன்னொரு 100 கூடும்.

பால்

பசும்பால் மட்டும் கொடுக்காதீர்கள். பூனைப் பாலில் புரதம் மாட்டுப்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், பாற்சீனி குறைவு. வெறும் பசும்பாலில் குட்டிக்குக் கழிச்சல் பிடிக்கும், அந்த அளவு உடம்பில் ஒருநாள் கழிச்சலே உயிரை எடுக்கப் போதும். நாம் தேத்தண்ணிக்குப் போடும் பால்மாவும் அதே மாட்டுப்பால்தான். டின்பால் வெறும் சீனி. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் மாப்பாலும் பூனைக்குப் போதாது. குட்டிப் பூனைகளுக்கென்றே பால்மா விற்கிறார்கள், அதுதான் வேண்டும். உங்கள் டவுனில் இல்லாவிட்டால் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள செல்லப்பிராணிக் கடைக்குப் போன் போட்டுக் கூரியரில் எடுக்கலாம், இல்லை கண்டி பஸ்ஸில் வரும் யாரிடமாவது சொல்லிவிடலாம். பெட்டியில் போட்டிருக்கும் அளவுப்படியே கரையுங்கள். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் கொழுக்கும் என்று கூட்டிப் போட்டால் மலச்சிக்கல் வரும், மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் குட்டி மெலியும்.

அது வந்து சேரும் வரை ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் சமாளிக்க: கொதிக்கவைத்து ஆறிய முழுப்பால் 240 மில்லி, முட்டை மஞ்சள் கரு இரண்டு, சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஆட்டுப்பால் கிடைத்தால் பசும்பாலுக்குப் பதில் அதை எடுங்கள். வெள்ளைக் கரு வேண்டாம், தேன் வேண்டாம், சீனி வேண்டாம். நன்றாக அடித்து, வடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளைக்கு மேல் போனால் ஊற்றிவிடுங்கள். இது அவசரத்துக்கு மட்டும்தான், இதிலேயே வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கொடுப்பதற்கு பாமசியில் 1 மில்லி ஊசிக் குழாய் வாங்கி ஊசியைக் கழற்றி எறியுங்கள். குட்டிப் பூனைப் போத்தல் கிடைத்தால் அது இன்னும் நல்லது, சூப்பியின் துளை வழியாகக் கவிழ்க்கும்போது சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஓடக் கூடாது. பால் உங்கள் மணிக்கட்டில் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், 38 பாகை அளவு.

இப்போது முக்கியமான இடம். நாம் கைக்குழந்தையை மல்லாக்க மடியில் போட்டுப் பால் கொடுப்பதுபோல் பூனைக்குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. தாயிடம் அது குப்புறப் படுத்துத்தானே குடிக்கும், அதேபோல் மேசையில் துவாய் விரித்துக் குப்புறக் கிடத்தி, தலையைக் கொஞ்சம் மட்டும் தூக்கிப் பிடியுங்கள். குழாய் நுனியை வாயின் ஓரத்தில் வைத்து ஒரு சொட்டு நாக்கில் விடுங்கள். அது விழுங்கட்டும். பிறகு அடுத்த சொட்டு. ஒழுங்காக உறிஞ்சத் தொடங்கினால் நாக்கு சூப்பியைச் சுற்றிச் சுருளும், காது இரண்டும் தாளம் போடுவதுபோல் பின்னால் முன்னால் அசையும், முன்கால்கள் காற்றைப் பிசையும். அந்தக் காது அசைவைப் பார்த்தால் பால் சரியாகத்தான் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுக் கீழ்ப்பக்கம் சாய்த்து, மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும் வரை விடுங்கள். குழாயை அழுத்திப் பீச்சுகிறவர்களால்தான் இது நடக்கும், பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு? 100 கிராம் உடம்புக்கு ஒரு தடவைக்கு 4 மில்லிக்கு மேல் வயிறு கொள்ளாது. முதல் நாட்களில் 2, 3 மில்லி என்று தொடங்குங்கள். மொத்தத்தில் 100 கிராம் குட்டி ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லி வரை குடிக்கும். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், இரவும்தான். இரண்டாம் வாரம் மூன்று மணி நேரம், மூன்றாம் வாரம் நான்கு, நான்காம் வாரம் ஐந்து. சூடேறிய குட்டிக்கு முதல் தடவை பாலுக்குப் பதில் ஜீவனி (கழிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) கரைசல் கொஞ்சம் கொடுத்து அது தங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தடவை பாலுக்குப் போகலாம். வயிறு உருண்டையாக வந்ததும் நிறுத்துங்கள், மத்தளம்போல் விறைக்கும் வரை போகாதீர்கள். குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகை மெதுவாகத் தட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் படுக்க வையுங்கள்.

காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எப்படிப் பால் கொடுப்பது? உண்மையில் முடியாதுதான். முதல் இரண்டு வாரத்துக்கு வீட்டில் இருக்கிற ஒருவர் வேண்டும், அம்மாயி, வேலைக்குப் போகாத தம்பி, கடை வைத்திருக்கும் சித்தப்பா, யாரோ ஒருவர். கடை, ஒபிஸ் என்று உட்கார்ந்த வேலைக்காரர்கள் சின்னப் பெட்டியோடு கூடவே கொண்டுபோகலாம், ஒரு பிளாஸ்க்கும் போத்தலும் சேர்த்து. ஆள் யாருமே இல்லையென்றால் ஆரம்பத்திலேயே பால் கொடுக்கும் வேறு தாய்ப்பூனையைத் தேடுவதுதான் நியாயம்.

மூத்திரமும் மலமும்

இது தெரியாமல் எத்தனையோ குட்டிகள் வயிறு வீங்கிப் போகின்றன. மூன்று வாரம் வரை பூனைக்குட்டி தானாக மூத்திரம் போகாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஆகவே ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னோ பின்னோ பஞ்சை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வாலுக்குக் கீழே மெதுவாகத் தட்டித் தடவிக்கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பஞ்சு மஞ்சளாகும். தேய்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். முடிந்ததும் உலரத் துடையுங்கள், ஈரம் என்றால் திரும்பவும் குளிர். மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது, கடும் மஞ்சளானால் பால் போதவில்லை. மலம் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, கடுகு அரைத்த நிறத்தில், களிபோல் வரும். சில குட்டிகள் ஒருநாள் விட்டும் போகும். இரண்டு நாளுக்கு மேல் போகாமல் வயிறு இறுகினால் டொக்டரிடம் காட்டுங்கள்.

தராசு

வீட்டில் டிஜிட்டல் சமையல் தராசு இருந்தால் அதைப் போன்ற சொத்து இல்லை. இல்லாவிட்டால் கடைக்காரரிடம் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். கொழுந்து மடுவத்துத் தராசில் 100 கிராம் பூனைக்குட்டியைக் காட்டினால் கணக்கப்பிள்ளை சிரிப்பார், அது இந்த வேலைக்கு ஆகாது. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்கும் முன், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் வைத்து நிறுத்துக் கலண்டரில் எழுதுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒருநாள் கூடவில்லையென்றால் பாலையும் சூட்டையும் கவனியுங்கள். எடை குறைந்தால் அன்றே டொக்டர். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குட்டி எடையில் இறங்கிக்கொண்டிருக்கும், அது படுக்கிற அன்றுதான் நமக்குத் தெரியவரும், அதற்குள் நேரம் போயிருக்கும்.

தெள்ளு, அட்டை, மருந்து

முதல் ஒரு நாளைக்குள் தாயின் சீம்பால் குடிக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைவு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தொடாதீர்கள். போத்தல், குழாய் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுங்கள்.

தெள்ளுப்பூச்சியைச் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். அந்த உடம்பில் இருக்கும் இரத்தமே கொஞ்சம், பத்து இருபது தெள்ளு குடித்தாலே ஈறு வெளுத்துவிடும். பேன் சீப்பால் வாரி, வாரியதைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்குங்கள், படுக்கைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். நாய்க்குப் பூசும் தெள்ளு மருந்தைப் பூனைக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பெரிய பூனையையே கொல்லும். மழைக்காலத்தில் தேயிலைக்குள் எடுத்த குட்டியில் அட்டை இருக்கலாம், காதுக்குள்ளும் கால் இடுக்கிலும் பாருங்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றுங்கள், உப்பு, புகையிலை எல்லாம் நம் காலுக்குச் சரி, குட்டியின் தோலுக்கு வேண்டாம்.

பனடோல் ஒரு துண்டுகூடக் கூடாது. பரசிட்டமோல் பூனைக்கு விஷம், பச்சைக்குட்டியோ கிழட்டுப் பூனையோ வித்தியாசம் கிடையாது. வீட்டில் மிச்சமிருக்கும் அன்டிபயோடிக் சிரப்பையும் அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள்.

சூடேற்றியும் உறிஞ்சவில்லை, மூச்சு வாய் வழியாகப் போகிறது, கழிச்சல் நிற்கவில்லை, விடாமல் கத்துகிறது, மூக்கில் சளி. இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் கூட்டம், ஆனால் பூனையைக் கொண்டுபோனாலும் பார்ப்பார்கள், வெட்கப்பட வேண்டாம். நிலைமை மோசமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும் வழியெல்லாம் குட்டி சட்டைக்குள்ளேயே வரட்டும், திரீவீலில் அடிக்கும் காற்று சும்மா இல்லை. இதையெல்லாம் செய்தும் சில குட்டிகள் தங்காது. தாய் ஒதுக்கியவற்றில் வெளியே தெரியாத பிறவிக் குறைகள் உள்ளவையும் இருக்கும்.

நான்கு வாரத்துக்குப் பிறகு

இங்கிருந்து சுலபம். கடிக்கத் தொடங்கினால் பால்மாவோடு குட்டிப் பூனைத் தீனியை ஊறவைத்துக் கூழாக்கித் தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் மூஞ்சியை முக்கித் தும்மும், காலை வைத்து மிதிக்கும், மூன்றாவது நாள் நக்கும். வீட்டுச் சாப்பாடென்றால் உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன், கோழி கொஞ்சம். கருவாட்டுச் சோறு கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அந்த உப்பு இந்த வயதுக்குத் தாங்காது. டின்மீனையும் நன்றாகக் கழுவித்தான். வெறும் சோற்றில் பூனை வளராது, அதற்கு இறைச்சியோ மீனோ வேண்டும். மலம் கழிக்கத் தாழ்வான ஒரு தட்டில் உலர்ந்த மண்ணோ மணலோ போட்டு, சாப்பிட்டதும் அதில் இறக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்ளும். பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு என்பது எடையைப் பொறுத்தது, மூன்றாம் வாரத்திலேயே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். தடுப்பூசி எட்டு வார அளவில் தொடங்கும். அதற்கு முன் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், குட்டி விளையாடும்போது எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை வேறு பூனைகளிடமிருந்துதான் கற்கும்.

தாயையும் மறந்துவிட வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினைப்படும், ஒதுக்கிவிட்ட தாயென்றால் இன்னும் சீக்கிரம். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு எப்போது கொண்டுவரலாம் என்று குட்டியைக் காட்டப் போகும் அன்றே டொக்டரிடம் கேட்டு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள், பெண் குட்டியென்றால் அதற்கும் சேர்த்து. நான்கைந்து மாதத்திலேயே அதுவும் சினைப்படும்.